லேப்டாப் அலுமினிய மூடியில் குங்குமக் கறை, கை வைக்கும் இடத்தில் வெள்ளைப் புள்ளி: எதைப் போட்டுத் துடைக்கலாம்?

சிம்மக்கல் கணக்கர்

வணக்கம். எங்கள் ஆபீஸ் மதுரை சிம்மக்கல் பக்கம், கணக்கு எழுதிக் கொடுப்பதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் தொழில். ஆயுத பூஜை அன்று பில் புத்தகம், கால்குலேட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது லேப்டாப் மூடியின் நடுவிலும் ஒரு பொட்டு வைத்தார்கள். சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணீராகவே குழைத்திருந்தார்கள். விஜயதசமி, அதையொட்டி வந்த லீவு எல்லாம் முடிந்து ஆபீஸ் திறந்தபோது பொட்டு நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது. ஈரத்துணியில் துடைத்ததும் மேலே இருந்தது வந்துவிட்டது, ஆனால் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் வட்டம் நின்றுவிட்டது. சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் மஞ்சள் போகும் என்று பார்த்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்து இளஞ்சிவப்பு வட்டமாகிவிட்டது. துணியில் கொஞ்சம் ஏறுகிறது, முழுதாக வரவில்லை.

இதோடு இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. டைப் அடிக்கும்போது இடது உள்ளங்கை வைக்கும் ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், தடவினால் சொரசொரப்பாகத் தெரிகிறது. ஆபீஸில் ஏசி கிடையாது, சித்திரை வைகாசியில் கை ஈரமாகவேதான் இருக்கும். அப்புறம் சார்ஜர் பின் செருகும் இடத்தைச் சுற்றி சாம்பல் நிறத்தில் கோடு கோடாக இருக்கிறது.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். விபூதி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் ஒருவர், பற்பசை என்கிறார் இன்னொருவர், எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தால் உலோகத்தில் எந்தக் கறையும் நிற்காது என்கிறார் கீழ்க்கடைக்காரர். எதையும் இன்னும் போடவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் அப்படியே செய்கிறேன். இனி வராமல் இருக்க என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சொன்னால் நல்லது.

சர்வீஸ் மேசை, டவுன்ஹால் ரோடு

சார், விபூதி, பற்பசை, எலுமிச்சை மூன்றையும் தள்ளி வையுங்கள். முதலில் அந்த உடம்பு எதனால் ஆனது என்று பார்த்துவிட வேண்டும், வெள்ளியாகத் தெரிவதெல்லாம் உலோகம் இல்லை. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் மேல்மூடி மட்டும் அலுமினியத் தகடு, கீபோர்டைச் சுற்றி இருப்பது வெள்ளிப் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக். ராத்திரி முழுக்க ஆஃப் ஆகி இருந்த லேப்டாப்பைக் காலையில் தொட்டுப் பாருங்கள், உலோகம் என்றால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. நீங்கள் சொல்லும் வெள்ளைப் புள்ளியும் சொரசொரப்பும் அலுமினியத்துக்கே உரிய அடையாளம் என்பதால் உங்களுடையது முழு உலோகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அலுமினிய லேப்டாப்பில் நம் கை படுவது வெறும் அலுமினியத்தில் இல்லை. தகட்டின் மேல் நுண்ணிய மணிகளை வேகமாக அடித்து மங்கலான பதம் கொண்டுவருவார்கள், அதற்கப்புறம் கந்தக அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சி மேலே ஒரு ஆக்சைடு படலத்தை வளர்ப்பார்கள். அனோடைசிங் என்பது இதுதான். அந்தப் படலம் நுண்துளைகளோடு வளரும். கலர் வேண்டும் என்றால் சாயத்தை அந்தத் துளைகளுக்குள் இறக்குவார்கள், கடைசியில் கொதிக்கும் நிலைக்குப் பக்கத்தில் உள்ள சூட்டுத் தண்ணீரில் வைத்துத் துளைகளை அடைத்துவிடுவார்கள். 2008 அக்டோபரில் ஆப்பிள் ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்த மேக்புக்குகளை விட்ட பிறகு மற்ற கம்பெனிகளும் இந்தப் பக்கம் வந்தார்கள், இன்று நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் ரூபாய் மாடலிலும் இதைப் பார்க்கலாம். இந்த மாதிரி அலங்காரப் படலம் பொதுவாக 5 முதல் 25 மைக்ரான் தடிமன், தலைமுடி ஒன்று கிட்டத்தட்ட 70 மைக்ரான் என்றால் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடினம் என்றாலும் மெல்லியது. கறையை எடுக்கும்போது இந்தப் படலத்தை எடுத்துவிடக் கூடாது, நான் சொல்லப்போகும் எல்லாமே அதற்காகத்தான்.

உங்கள் மூன்று பிரச்சினையும் மூன்று விதம். குங்குமம் படலத்தின் மேலே படிந்த சாயம், அது வரும். போர்ட்டைச் சுற்றி உள்ள சாம்பல் கோடு பெரும்பாலும் சார்ஜர் பின்னின் உலோகம் உரசி ஒட்டியது, அதுவும் வரும். வெள்ளைப் புள்ளி படலமே போய் அடியில் அரித்தது, அது வராது. அதைத் தேய்க்கத் தேய்க்கச் சுற்றியுள்ள நல்ல படலமும் போகும்.

குங்குமத்துக்கு வருவோம். மஞ்சளோடு சுண்ணாம்போ வெங்காரமோ சேர்த்துச் சிவக்க வைப்பது பழைய முறை, இப்போது கடையில் வாங்குவதில் நிறைய செயற்கைச் சாயம் கலந்தது. சந்தனம் என்று விற்கும் பொடியிலும் மஞ்சள் கலர் சேர்ப்பது உண்டு. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். காரம் பட்டால் அது சிவக்கும். உங்கள் சோப்புத் தண்ணீர் பட்டதும் வட்டம் சிவந்தது அதனால்தான், கறை கூடிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மீனாட்சி பஜாரிலும் எங்கள் ரோட்டிலும் கிடைக்கும். பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், 70 சதவீதமே போதும். ஆப்பிளும் தன் லேப்டாப்களின் வெளிப்புறத்தை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் மெதுவாகத் துடைக்கலாம் என்றுதான் சொல்கிறது, பிளீச்சும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம் என்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சிலதில் எண்ணெய் கலந்திருக்கும், காய்ந்த பிறகு பிசுக்கு நிற்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருந்தால் அதையும் தொடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் கொடுத்த சேர்மானத்திலேயே ஆல்கஹாலோடு கிளிசராலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு.

செய்யும் விதம் இப்படி. ஷட் டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். மூடியை மூடிய நிலையிலேயே வேலை பாருங்கள். கறை நடுவில் இருந்தாலும் குங்குமத் தூள் ஓரத்திலும் கீல் பக்கமும் இறங்கியிருக்கும், முதலில் மெல்லிய பிரஷ்ஷால் அதை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், காற்றுத் துளை இருக்கும் பக்கம் தள்ள வேண்டாம். பிறகு காது குடையும் பட்ஸை ஐபிஏவில் நனைத்து, பாட்டில் வாயிலேயே பிழிந்துவிட்டு, வட்டத்தின் வெளி ஓரத்தில் வைத்து உள்பக்கமாக உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம், உருட்டினால் போதும். பஞ்சில் ஆரஞ்சு நிறம் ஏறும், ஏறியதும் அந்தப் பக்கத்தைத் திரும்ப வைக்காமல் புது பட்ஸ் எடுங்கள், இல்லையென்றால் கரைந்த சாயத்தையே பக்கத்தில் பூசிவிடுவீர்கள். நிறம் ஏறுவது நின்றதும் மைக்ரோஃபைபர் துணியை ஆர்ஓ தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அது காய்ந்தால் சுண்ணாம்புத் திட்டு விடும், அதை எடுக்க இன்னொரு வேலை. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது. லோகோ அச்சடித்ததாக இருந்தால் அதன் மேல் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது, ஐபிஏ சட்டென்று பற்றும்.

வெள்ளைப் புள்ளிக்கு ஒரு சோதனை இருக்கிறது. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில், அதாவது மின்சாரம் கடந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை யுஎஸ்பி போர்ட்டின் உலோகத்தில் வையுங்கள், இன்னொரு முனையின் பக்கவாட்டை மெதுவாக உடம்பின் மேல் வையுங்கள். நல்ல படலம் மின்சாரத்தைக் கடத்தாது, பீப் சத்தம் வராது. புள்ளி இருக்கும் இடத்தில் பீப் அடித்தால் அங்கே படலம் போய்விட்டது என்று அர்த்தம். முனையைக் குத்தி அழுத்தாதீர்கள், அதுவே கீறிவிடும்.

மேலூர் அக்கா

சர்வீஸ் தம்பி சொன்னது எல்லாம் சரி. அந்த சாம்பல் கோட்டுக்கு மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது தினசரிப் பிரச்சினை. பையன் செப்புக் காப்பு போட்டிருக்கிறான், நான் வளையல் போட்டிருக்கிறேன், இரண்டு பேரும் ஒரே லேப்டாப். கை வைக்கும் இடம் முழுக்க கோடு கோடாக இருக்கும். கீறல் என்றே நினைப்போம், ஆனால் செம்பும் தங்கமும் அந்தப் படலத்தை விட ரொம்ப மெதுவானவை, அதனால் உடம்பு கீறுவதில்லை, காப்பும் வளையலும்தான் தேய்ந்து அதன் பொடி கோடாக ஒட்டிக்கொள்கிறது. நகத்தை அந்தக் கோட்டின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது ஒட்டிய உலோகம், பள்ளத்தில் தட்டினால் நிஜக் கீறல்.

ஒட்டியதற்கு வெள்ளை ரப்பர் போதும், பள்ளிப் பிள்ளைகள் பென்சில் அழிக்க வைத்திருக்கும் மெதுவான வெள்ளை ரப்பர். பேனா மை அழிக்கும் நீல முனை ரப்பர் கூடாது, அதில் அரைக்கும் துகள் இருக்கிறது. கோட்டின் மேலேயே, கோடு ஓடும் திசையிலேயே, லேசாக அழித்தால் ரப்பர் துருவல் சாம்பல் நிறமாக வரும். துருவலைப் பிரஷ்ஷால் தள்ளிவிட வேண்டும், வாயால் ஊதினால் கீபோர்டுக்குள்தான் போகும்.

இன்னொன்று, இதை எங்கள் ஊர்க்காரியாகச் சொல்கிறேன். மேலூர் பக்கம் கிரானைட் அறுக்கிற, பாலிஷ் போடுகிற பட்டறைகள் இருக்கின்றன, அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். கிரானைட்டில் குவார்ட்ஸ் உண்டு, அது எஃகையே கீறும். அந்தத் தூசி படிந்த மூடியை வறண்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் மூடி முழுக்க மெல்லிய கோடுகள் விழும், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். மதுரையிலும் வீடு கட்டுகிற தெருவாக இருந்தால் இதே கதைதான், எம் சாண்டும் டைல்ஸ் அறுக்கும் தூசியும் பறந்துகொண்டே இருக்கும். அதனால் துடைப்பதற்கு முன்னால் பிரஷ், பிரஷ்ஷுக்குப் பின்னால்தான் துணி, துணியும் ஈரமாக இருக்க வேண்டும். புடவைத் தலைப்பு, சட்டை நுனி, துண்டு இதெல்லாம் வேண்டவே வேண்டாம், அதில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மண்ணே கீறும்.

ஸ்டிக்கர் பசை யாருக்காவது இருந்தால், பஞ்சில் நீலகிரித் தைலம் தொட்டுப் பசையின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பழைய ஏடிஎம் கார்டு ஓரத்தால் தள்ளினால் உருண்டு வந்துவிடும். தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், கொஞ்சம் நேரம் கூடுதலாகும். எதுவானாலும் கடைசியில் ஐபிஏ போட்டுத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பாகத்தில் தைலம் படக் கூடாது.

செல்லூர் நண்பர்

எல்லாரும் பற்பசையை வேண்டாம் என்கிறீர்கள். என் லேப்டாப் மூடியில் மார்க்கர் பேனா கறை இருந்தது, பற்பசை போட்டுத் துணியால் தேய்த்தேன், ஒரே நிமிடத்தில் போய்விட்டது, இடமும் முன்னைவிடப் பளபளவென்று ஆகிவிட்டது. வீட்டில் குத்துவிளக்குக்கும் வெள்ளிச் சாமானுக்கும் விபூதிதான் போடுகிறோம், தலைமுறை தலைமுறையாக, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காசு கொடுத்து ஆல்கஹால் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் இருப்பதை முயன்று பார்க்கலாமே? நிஜமாகவே கேட்கிறேன், எனக்கு நல்ல பலன் கிடைத்தது.

வேதியியல் வாத்தியார், திருமங்கலம்

செல்லூர் நண்பருக்கு. கறை போனது உண்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் "முன்னைவிடப் பளபள" என்று சொன்னீர்களே, அந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அந்த மூடி வேண்டுமென்றே மங்கலாகச் செய்யப்பட்டது. பற்பசையில் பல்லைத் துலக்குவதற்கான அரைக்கும் பொடி இருக்கிறது, அது மேற்பரப்பின் நுண்ணிய மேடுகளைத் தேய்த்துச் சமமாக்கியதால் அந்த இடம் மட்டும் மின்னுகிறது. மூடியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள், தேய்த்த அளவுக்கு ஒரு திட்டு தனியாகத் தெரியும். மார்க்கர் மைக்கு ஐபிஏ தொட்ட பஞ்சே போதுமாக இருந்திருக்கும்.

வெள்ளி, பித்தளை விஷயம் வேறு, இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், நம் வீடுகளில் இந்தக் குழப்பம் நிறைய இருக்கிறது. வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால். அந்தக் கறுப்பு நமக்கு வேண்டாத படிவு, விபூதியால் தேய்த்து எடுத்தால் அடியில் நல்ல வெள்ளி இருக்கிறது, அதுதான் நமக்கு வேண்டும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கும்போதும் மேலே படிந்த ஆக்சைடைத்தான் அமிலம் கரைக்கிறது. அலுமினியத்தில் கதை தலைகீழ். அங்கே மேலே இருக்கும் ஆக்சைடுதான் காவல், அடியில் இருக்கும் உலோகம் பலவீனமானது. குத்துவிளக்குக்கு எது நல்லதோ அதையே லேப்டாப்புக்குச் செய்தால் காப்பாற்ற வேண்டியதையே தேய்த்து எறிந்துவிடுகிறோம்.

அலுமினிய ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அமிலமா காரமா என்று காட்டும் அளவு பிஹெச், 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அனோடைஸ் செய்த படலம் பொதுவாக பிஹெச் 4 முதல் 8.5 வரைதான் தாங்கும். எலுமிச்சைச் சாறு பிஹெச் 2க்கும் 3க்கும் இடையில், புளிக்கரைசலும் அமிலப் பக்கம்தான், ஆக அவை கீழே போய்விடுகின்றன. சலவைச் சோடா 11க்குப் பக்கம், சுண்ணாம்புத் தண்ணீர் 12க்கு மேல், இவை மேலே போய்விடுகின்றன. விபூதி சாம்பல், ஈரத்தில் காரமாகும், அதோடு அதில் உள்ள துகள்களும் உராயும். சமையல் சோடா 8.3 அளவில் எல்லைக்குள் நின்றாலும் அதன் பரலே தேய்க்கும் பொருள். வீட்டில் அலுமினிய இட்லிப் பானையைச் சோடா போட்டுக் கழுவினால் கறுத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், காரம் மேல் படலத்தைத் தின்றதால் வரும் கறுப்பு அது.

இதிலிருந்து கணக்கருக்கு ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பு சேர்ந்த குங்குமம் ஈரச் சந்தனத்தோடு நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தால் சாயம் போன பிறகும் அந்த வட்டம் மிக லேசாக மங்கித் தெரியலாம். தெரிந்தால் அதைச் சரிசெய்யக் கிளம்பாதீர்கள், படலத்தின் மேல்தோல் கொஞ்சம் அரிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான், அது பரவாது.

அப்புறம், மஞ்சள் நிறம் கடைசியாகக் கொஞ்சம் மிஞ்சினால் வெளிச்சம் அதை வெளுக்கச் செய்யும், வேட்டியில் பட்ட மஞ்சள் வெயிலில் காய்ந்து போவதைப் போலத்தான். ஆனால் லேப்டாப்பை மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள், பேட்டரிக்குக் கேடு. ஆப்பிள் தன் லேப்டாப்களை 35 டிகிரிக்குள் பயன்படுத்தவும் 45 டிகிரிக்கு மேல் வைக்காமல் இருக்கவும் சொல்கிறது, மதுரை மே மாதத்தில் நிழலிலேயே 40 வந்துவிடுகிறது. காலை வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் மேசையில் மூடியபடி வைத்து வேலை பார்க்காத நேரத்தில் விட்டுவிடுங்கள், மெல்ல வெளுக்கும்.

சிம்மக்கல் கணக்கர்

எல்லாருக்கும் நன்றி. ஐபிஏ வாங்கி வந்து சொன்னபடியே உருட்டி எடுத்தேன். முதல் பட்ஸில் நல்ல ஆரஞ்சு, அதற்கடுத்ததில் மஞ்சள், பிறகு வெறும் பஞ்சு. இளஞ்சிவப்பு முழுதாகப் போய்விட்டது. வாத்தியார் சொன்ன மாதிரி சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஒரு மெல்லிய வளையம் தெரிகிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன். போர்ட் ஓரத்துக் கோடுகள் ரப்பரில் பாதிக்கு மேல் வந்தன, இரண்டு கோட்டில் நகம் தட்டுகிறது, அவை நிஜக் கீறல் போலிருக்கிறது.

பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வாங்கிச் சோதித்தோம். மூடியில் எங்கும் சத்தம் இல்லை, இடது ஓரத்துப் புள்ளிகளில் வைத்தால் பீப் அடிக்கிறது. ஆக அங்கே படலம் போய்விட்டது. இது பரவுமா? டச் அப் பெயிண்ட் மாதிரி ஏதாவது அடிக்கலாமா, இல்லை திரும்ப அனோடைஸ் செய்து தருவார்களா?

சர்வீஸ் மேசை, டவுன்ஹால் ரோடு

திரும்ப அனோடைஸ் செய்வது நடைமுறைக்கு வராது சார். உடம்பிலிருந்து போர்டு, பேட்டரி, கீபோர்டு, காந்தம், திருகு எல்லாவற்றையும் கழற்றி, பழைய படலத்தைக் காரத்தில் முழுக்கக் கரைத்துவிட்டுப் புதிதாக வளர்க்க வேண்டும், அந்த வேலையில் ஓரங்களின் அளவும் மாறும், ஒட்டிவைத்த பாகங்களைத் திரும்பப் பொருத்துவதும் கஷ்டம். அந்தச் செலவுக்கு மேல்பாகத்தையே மாற்றிவிடலாம், அதையும் தோற்றத்துக்காக மட்டும் நான் சொல்ல மாட்டேன். பெயிண்ட் அடித்தால் கை படும் இடம் என்பதால் உரிந்துகொண்டே இருக்கும்.

பரவுமா என்றால், விட்டால் பரவும். வியர்வையில் உப்பு இருக்கிறது, அதன் குளோரைடு படலத்தின் மெல்லிய இடத்தில் புகுந்து அடியில் உள்ள அலுமினியத்தை அரிக்கிறது, நீங்கள் பார்க்கும் வெள்ளை அந்த அரிப்பில் வந்த பொடி. ஓரம்தான் முதலில் போகும், ஏனென்றால் உள்ளங்கை அழுந்தித் தேய்வது அங்கேதான். நிறுத்த வேண்டும் என்றால் உப்பை எடுக்க வேண்டும், பிறகு வியர்வை படாமல் மூட வேண்டும். மெல்லிய துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து புள்ளிகளின் மேல் ஒற்றுங்கள், துணியை மாற்றி மாற்றி ஒற்றுங்கள், பள்ளத்துக்குள் இருக்கும் உப்பு ஒரே துடைப்பில் வராது. கடைசியில் ஐபிஏவில் ஒரு முறை துடைத்து, லேப்டாப்பை ஆஃப் செய்தே ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் விடுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு மெல்லிய ட்ரான்ஸ்பரன்ட் ஃபிலிம் ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் ஃபிலிமுக்கு அடியிலேயே அரிப்பு ஓடும், ஆறு மாதம் கழித்து உரித்துப் பார்த்தால் நிலைமை மோசமாக இருக்கும், இந்த மாதிரி எங்கள் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

ஃபிலிம் வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். லேப்டாப் மூடினால் திரைக்கும் கை வைக்கும் இடத்துக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. கை வைக்கும் இடத்திலோ கீபோர்டிலோ எதையாவது வைத்து மூடினால் திரை கெடும் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது, கேமரா மறைப்புக்குக்கூட 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், அதாவது சாதாரண பிரிண்டர் தாள் தடிமன் என்று அளவு சொல்கிறது. ஃபிலிமுக்கும் அந்தக் கணக்கையே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பஜாரில் பளபளப்பாகத் தொங்கும் கெட்டியான ஸ்கின்களைக் கை வைக்கும் இடத்தில் ஒட்டிவிட்டு அழுத்தி மூடி, திரையில் கோடு விழுந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடினமான பிளாஸ்டிக் கேஸ் மாட்டினால் கீறல் வராது என்று பலர் வாங்குகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கேஸுக்கும் மூடிக்கும் நடுவில் மணல் புகும், பையில் போகும்போதெல்லாம் அது ஆடி ஆடி அரைக்கும், கழற்றிப் பார்த்தால் நான்கு மூலையிலும் தேய்ந்திருக்கும். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வாரம் ஒரு முறை கழற்றி இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். அதைவிட உள்ளே மெத்தென்று துணி வைத்த உறை நல்லது, சார்ஜரை அந்த உறைக்குள் போடாமல் தனி அறையில் போடுங்கள், மூடியில் வரும் பெரிய கீறல்கள் எல்லாம் சார்ஜர் பின்னும் சாவிக்கொத்தும் செய்பவைதான்.

தினசரி வேலை ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஆஃப் செய்ததும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கை வைக்கும் இடத்தை ஈரத்துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை. வியர்வை காய்ந்து உப்பாக நிற்கக் கூடாது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பின் சார்ஜரிலோ எர்த் இல்லாத பிளக்கிலோ மாட்டியிருந்தால் உலோக உடம்பில் லேசாகக் குறுகுறுக்கும், ஈரக்கையோடு நன்றாகவே தெரியும். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சின்ன மின்சாரம் அது, எர்த் இருந்தால் அதன் வழியே இறங்கிவிடும். பழைய ஆபீஸ் கட்டடம் என்றால் எர்த் கம்பி இருக்கிறதா என்று அந்த எலக்ட்ரீஷியனையே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மூடியின் மேல் ஒரு வெற்றிலையோ சின்னத் தாளோ வைத்து அதன் மேல் பொட்டு வைத்துவிடுங்கள், பூஜையும் குறையாது, மூடியும் குறையாது.

நாகமலை மாணவி

அண்ணே, என்னுடையது கறுப்பு லேப்டாப், தொட்டால் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும், அடியில் உலோகம் என்று கடையில் சொன்னார்கள். கை வைக்கும் இடம் எண்ணெய்ப் பிசுக்காக மின்னுகிறது, கொஞ்சம் ஒட்டவும் செய்கிறது. ஐபிஏ போட்டு எடுக்கலாமா?

சர்வீஸ் மேசை, டவுன்ஹால் ரோடு

வேண்டாம்மா. அது வேறு ஜாதி. மெக்னீசியக் கலவை மேலேயோ பிளாஸ்டிக் மேலேயோ மெத்தென்ற பூச்சு அடித்தது, நான் மேலே சொன்ன அலுமினியக் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. ஆல்கஹால் அந்தப் பூச்சை இளக்கிவிடும்.

முதலில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு, ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் கலந்து, துணியை அதில் நனைத்து சொட்டு விழாத அளவு பிழிந்து துடை. பிறகு வெறும் தண்ணீர் தொட்ட துணி, பிறகு உலர்ந்த துணி. தலைக்கு வைக்கும் எண்ணெயும் கை எண்ணெயும்தான் என்றால் இதிலேயே போய்விடும். துடைத்த பிறகும் மின்னினால் அது அழுக்கு இல்லை, பூச்சின் மங்கல் பதம் கை பட்டுப் பட்டுத் தேய்ந்துவிட்டது, அதை எதுவும் திரும்பக் கொண்டுவராது. துடைத்துக் காய்ந்த பிறகும் ஒட்டினால் பூச்சே ஈரக்காற்றில் சிதையத் தொடங்கியிருக்கிறது, பழைய லேப்டாப்களில் இது சகஜம், அதன் மேல் ஃபிலிம் ஒட்டிவிடுவதுதான் வழி. எதைச் செய்வதானாலும் முதலில் அடிப்பக்கத்து மூலையில் கொஞ்சம் துடைத்துப் பார். துணியில் கறுப்பு ஏறினால் அங்கேயே நிறுத்திவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைக்கு வா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.